டெலோஸ் தீவுப் பயணம்: ஓரத்தைப் பார்க்கிறவனுக்குக் கொடுத்த காசு வீண் போகாது

முதலே சொல்லிவிடுகிறேன். கிரீஸில் மிக்கோனோஸ் தீவு வரைக்கும் போகிறவர்கள், பழைய நகரம் ஒன்றின் இடிபாடுகள் கிடக்கிற பக்கத்துத் தீவான டெலோஸுக்குப் போகாமல் திரும்ப வேண்டாம், ஆனால் படகு, வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்களே, அந்தக் குழுப் பயணத்தை மட்டும் வாங்காதீர்கள். படகுக்கு மட்டும் சீட்டு எடுங்கள், தீவுக்கான நுழைவுச்சீட்டைத் தனியாக எடுங்கள், உங்கள் காலுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்று பாருங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் ஜெர்மனியில் டைல்ஸ் பதிக்கிற வேலை செய்கிறவன். குளியலறை, சமையலறை, சில நேரம் நூறு வருடப் பழைய கட்டடங்களின் வாசல் தரையைத் திருத்துவது. அதனால் ஒரு பழைய இடத்துக்குப் போனால் தூண், சிலை எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுக் குனிந்து தரையைப் பார்ப்பேன். தரையிலும் நடுவில் இருக்கிற படத்தை அல்ல, அதைச் சுற்றி ஓடுகிற கரையை. டெலோஸுக்கு நான் போக ஆசைப்பட்டதே ஒரு கரைக்காகத்தான், அலைக்கரைக்காக.

அலைக்கரை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கடலலை எழும்பி, தலை சுருண்டு, விழப்போகிற நேரத்தில் இருக்கிற வடிவம் இருக்கிறதல்லவா, அதை ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், ஒரே திசையில் ஓடவிட்டால் வருவது. கிரேக்க, ரோமக் கட்டடங்களில் தரையிலும் சுவரிலும் கல் பட்டியிலும் இது இருக்கும், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீடுகளின் கணப்படுப்பு மேலும் மேசை விளிம்பிலும் கூட ஓடும். ஆங்கிலத்தில் விட்ருவியன் ஸ்க்ரோல் என்பார்கள், எங்கள் வேலைத்தளத்தில் ஜெர்மன்காரர் ஓடுகிற நாய் என்பார்கள். விட்ருவியஸ் என்கிற ரோமக் கட்டடக்காரர் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பாகம் எழுதியவர், கி.மு. 1ஆம் நூற்றாண்டு. ஆனால் அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த அலை ஓடிக்கொண்டிருந்தது. வடகிரேக்கத்தில் ஒலிந்தஸ் என்று ஒரு நகரம், அலெக்சாண்டரின் தகப்பன் இரண்டாம் பிலிப் கி.மு. 348இல் அழித்துப் போட்டது, அங்கே தோண்டி எடுத்த வீடுகளின் கூழாங்கல் தரைகளிலேயே அலைக்கரை வந்துவிட்டது.

நம் கோயில்களில் கொடிக்கருக்கு பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு தண்டு போகும், இலை வரும், பூ வரும், சிற்பிக்குத் தோன்றிய இடத்தில் ஒரு பறவை கூட உட்காரும். அலைக்கரையில் அந்தச் சுதந்திரம் கிடையாது. இலை இல்லை, பூ இல்லை, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப. ஒன்று பிசகினால் மறைக்க ஒரு இலை கூட இல்லை. பார்ப்பதற்குச் சுலபம், செய்கிறவனுக்குத்தான் தெரியும்.

சரி, பயணத்துக்கு வருவோம். படகு மிக்கோனோஸ் பழைய துறைமுகத்தில் இருந்து கிளம்பும், கிட்டத்தட்ட அரை மணி நேர ஓட்டம். படகு நல்ல படகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை, மேல்தட்டில் இடம் பிடிக்க ஆட்கள் தள்ளுமுள்ளுப் படுவதைத் தவிர. காற்றுத்தான் பிரச்சினை. ஆடி, ஆவணி மாதங்களில் அந்தப் பக்கம் மெல்டெமி என்று வடக்குக் காற்று அடிக்கும், பலமாக அடித்தால் படகே விட மாட்டார்கள். ஆகவே மிக்கோனோஸில் தங்குகிற கடைசி நாளுக்கு டெலோஸை வைக்காதீர்கள், முதல் நாளே போங்கள், முடியாவிட்டால் அடுத்த நாள் இருக்கிறது. தீவில் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. இது இன்றைக்குப் போட்ட சட்டம் மாதிரித் தெரிந்தாலும் பழக்கம் பழையது: கிரேக்கத் தெய்வம் அப்பல்லோ பிறந்த இடம் என்பதால் கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர் இங்கிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டிப் பக்கத்துத் தீவுக்கு மாற்றிவிட்டு, இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது சாகவும் கூடாது என்று வைத்துவிட்டார்கள்.

எங்களுக்கு மனுசியின் தம்பி குடும்பம் ஏற்கெனவே குழுப் பயணம் பதிந்து வைத்திருந்தது, அதனால் நாங்களும் ஒரு வழிகாட்டியின் பின்னால் போனோம். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, நன்றாகக் கதைக்கிறார், சரித்திரம் விரல் நுனியில். கி.மு. 166இல் ரோமர் இந்தத் தீவை ஏதென்ஸிடம் கொடுத்து வரியில்லாத துறைமுகம் ஆக்கியது, இத்தாலி, சிரியா, எகிப்து என்று எல்லாப் பக்கத்து வியாபாரிகளும் வந்து குவிந்தது, அடிமைச் சந்தை, பிறகு கி.மு. 88இல் ரோமரோடு போரிட்ட பொன்டஸ் அரசன் மித்ரிடேட்டஸின் படை வந்து அடித்து நொறுக்கியது, 69இல் கடற்கொள்ளைக்காரர் மிச்சத்தை முடித்தது, எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். ஆனால் குழுப் பயணம் செய்கிற கம்பெனிக்கு மணிக்கணக்கு முக்கியம். கல் சிங்கங்கள், மலேரியாவுக்குப் பயந்து 1920களில் வற்ற வைத்த புனித ஏரி, நடுவில் ஒற்றைப் பனைமரம், அப்புறம் நாடக அரங்கு, படம் எடுங்கள், திரும்புங்கள். வரிசையாக நிற்கிற அந்தச் சிங்கங்கள் பிரதிகள், அசல் சிங்கங்களை மழை காற்று படாமல் உள்ளே எடுத்துவிட்டார்கள். இதையும் அவர் சொன்னார், யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

நாடக அரங்கு வரைக்கும் வந்ததும் குழு கீழே திரும்பியது, நான் மேலே ஏறிவிட்டேன். மனுசி படகடியில் சந்திக்கிறேன் என்று சொல்லிவிட்டாள், இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. நாடக அரங்கைத் தாண்டிக் கொஞ்சம் மேடு ஏறினால் இரண்டு வீடுகள் கிட்டக்கிட்ட வரும், ஒன்று முகமூடிகள் வீடு, மற்றது டால்ஃபின்கள் வீடு. குழுவில் போனால் பெரும்பாலும் இந்த மேடு வெட்டுப்படும். காசு கொடுத்து வந்து, தீவிலேயே நல்ல தரையைப் பார்க்காமல் திரும்புவது என்றால் என்ன கணக்கு?

டால்ஃபின்கள் வீட்டின் நடு முற்றம்தான் நான் சொல்ல வந்தது. நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், நடுவில் சதுரத் தரை, சதுரத்துக்குள் ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் நடுவில் ஒரு பூவடிவம், அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கரைகள்: அலை, சதுரச் சுருளாக மடங்கி மடங்கிப் போகிற மியாண்டர், சிங்கமும், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிபனும் தலை நீட்டுகிற ஒரு வளையம். வட்டத்துக்கு வெளியே சதுரத்தின் நாலு மூலையிலும் சோடி சோடியாக டால்ஃபின்கள், அவற்றின் மேல் ஒரு சின்னப் பையன் ஏதோ ஒரு தெய்வத்தின் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு சவாரி போகிறான். மூலைப் படங்கள் கொஞ்சம் சிதைந்துதான் இருக்கின்றன. வந்த ஒன்றிரண்டு பேர் டால்ஃபினைப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அந்த அலை வளையத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அலைக்கரையை நேராக ஓடவிடுவது ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். சுவரின் நீளத்தை அளந்து, ஒரு அலைக்கு எவ்வளவு என்று பிரித்து, முழு எண் வராவிட்டால் ஒவ்வொரு அலையையும் ஒரு மயிரிழை நீட்டியோ குறைத்தோ சரிக்கட்டிவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. மூலையில்தான் தலைவலி. அலைக்குத் திசை உண்டு, இடமிருந்து வலம் ஓடுகிற அலை மூலையில் திரும்ப வேண்டும், திரும்புகிற இடத்தில் சுருள் பாதியில் வெட்டுப்படக் கூடாது. ஒன்று மூலையில் முழுச் சுருள் வந்து உட்காருகிற மாதிரி முதலே கணக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் ஒரு பூவையோ சதுரத்தையோ வைத்து அலையை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு அலைகளை எதிரெதிராக விட்டு மூலைக்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். அவசரத்தில் செய்த வேலையை மூலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அச்சடித்த டைல்ஸில் வருகிற அலைக்கரை எல்லாம் மூலையில் நாற்பத்தைந்து பாகையில் வெட்டி ஒட்டி, சுருளின் தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம், பார்க்கவே வயிற்றெரிச்சல்.

வட்டத்தில் மூலை இல்லை, அப்படியானால் சுலபம் என்று நினைப்பீர்கள். இல்லை, வட்டத்தில் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, சரிக்கட்ட ஒதுங்குகிற இடமே இல்லை. சுற்றி வந்து முதல் அலையின் முதுகில் கடைசி அலை சரியாகப் போய்ப் பொருந்த வேண்டும். இன்னொன்று, வளையத்தின் உள்விளிம்பு சின்னது, வெளிவிளிம்பு பெரிது. அலையின் தலை வெளிப்பக்கம் பார்த்தால் தலைகள் விலகும், உள்பக்கம் பார்த்தால் தலைகள் நெருங்கி முட்டும், ஆகவே நேர்க்கோட்டுக்கு வரைந்த அலையை அப்படியே எடுத்து வளைக்க முடியாது, வட்டத்துக்கென்று தனியாக வரைய வேண்டும். இதில் அலையைப் பதித்தால் மட்டும் போதாது. நல்ல அலைக்கரையில் இருண்ட அலைக்கும் அலைக்கும் நடுவில் இருக்கிற வெளிர் இடமும் ஒரு அலைதான், தலைகீழாக எதிர்ப்பக்கம் ஓடுகிற அலை. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஓடும். எது அலை எது தரை என்று கண் கொஞ்சம் தடுமாற வேண்டும், அப்போதுதான் கரை ஓடுகிற மாதிரி இருக்கும். மலிவான வேலையில் அலை மட்டும் இருக்கும், பின்னால் வெறும் இடம், செத்துப்போய்க் கிடக்கும்.

இத்தனையும் அவர்கள் ஒரு சென்டிமீட்டர் கூட வராத கல் துண்டுகளில் செய்திருக்கிறார்கள், கி.மு. 2ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்தில். டெலோஸ் தரைகளில் கரை வடிவங்களின் கோடு பிசகாமல் இருக்க மெல்லிய ஈயக் கீற்றுகளை நிறுத்திப் பதித்திருக்கிறார்கள், அதை ஒட்டிக் கல் வைத்தால் கோடு ஆடாது. இன்றைக்கு நாங்கள் மூலைக்கும் விளிம்புக்கும் உலோகப் பட்டி வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே புத்தி. செய்தவர் கையெழுத்தும் தரையிலேயே இருக்கிறது: அஸ்க்லெபியாடீஸ், ஆராடோஸ்காரர். ஆராடோஸ் என்பது இன்றைய சிரியாக் கரைக்கு எதிரே இருக்கிற ஒரு சின்னத் தீவு. கையெழுத்தின் தொடக்கம் உடைந்துபோய்விட்டது, மிச்ச எழுத்துக்களை வைத்துப் பெயரைச் சேர்த்து வாசித்திருக்கிறார்கள். அதே வீட்டு வாசலில் தானித் என்கிற ஃபினீசியத் தெய்வத்தின் குறி பதித்திருக்கிறது, ஆகவே வீட்டுக்காரரும் அந்தப் பக்கத்து ஆளாக இருக்கலாம் என்பது பொதுவான ஊகம். ஊர்விட்டு ஊர் வந்த வியாபாரி தன் பக்கத்து வேலைக்காரனையே கூப்பிட்டுத் தரை போடச் சொல்லியிருக்கிறான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை, இங்கே என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள்தான்.

இன்னொரு விஷயம், தீவில் தண்ணீர் குறைவு. அதனால் வசதியான வீடுகளில் கூரையில் விழுகிற மழை முற்றத்துக்கு வந்து கீழே இருக்கிற தொட்டிக்குப் போகும். சின்னக் கல் துண்டுகளைப் பதித்த இந்த மொசைக் தரை அழகுக்கு மட்டுமல்ல, தண்ணீர் ஓடுகிற தரை அது. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் முழுதாகத் தெரியும் என்பது எந்தக் கல்வேலைக்காரருக்கும் தெரியும். நான் போன நேரம் எல்லாம் காய்ந்து, தூசி படிந்து, வெளிறிக் கிடந்தது. இது என் முதல் குறை. மொசைக் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கேட்க முடியாது, பழுதாகும், தெரியும். ஆனால் நனைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பெரிய படத்தையாவது பக்கத்தில் வைக்கலாம். அறிவிப்புப் பலகை பெரும்பாலும் வீட்டின் பெயரும் இரண்டு மூன்று வரியும்தான், கரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இரண்டாவது குறை நிழல். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மூடின சப்பாத்து கட்டாயம். செருப்போடு வந்த சனம் கற்களுக்கிடையில் தடுக்கித் தடுக்கிப் போனது. கழிவறை இருக்கிறது, குடிக்கச் சாப்பிட எதையும் நம்பிப் போகாதீர்கள், கையில் கொண்டு போங்கள். வயதான அம்மா, அப்பாவோடு போகிறவர்கள் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம், தள்ளுவண்டியில் குழந்தை என்றால் யோசியுங்கள். 113 மீட்டர் உயரமுள்ள கிந்தோஸ் மலை ஏறுவதா என்று கேட்டால், எனக்கு ஆசை இருக்கவில்லை, ஏறினவர்கள் நல்ல காட்சி என்றார்கள்.

மூன்றாவது, சில தரைகளைக் கயிற்றுக்கு அப்பால் இருந்துதான் பார்க்கலாம். அது நியாயம்தான், எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் போனின் கமராவைப் பெருப்பித்துப் பார்த்தால் அலையின் சுருளுக்குள் கல் எப்படி வளைந்து போகிறது என்று வடிவாகத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று விட்டுவிடாமல் அங்கேயே பாருங்கள், கண்ணால் பார்ப்பதும் படமும் மாறி மாறி.

திரும்பி வந்து மிக்கோனோஸ் கடைத்தெருவில் நடந்தால் இதே அலை எல்லா இடமும் ஓடுகிறது, தட்டில், கோப்பையில், துவாயில், ரீசேட்டில். ஒரு தட்டை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன், கரை தொடங்கின இடமும் முடிந்த இடமும் சந்திக்கிற இடத்தில் ஒரு அலை பாதியில் நசுங்கிக் கிடந்தது. பக்கத்துத் தட்டிலும் அப்படியே, அச்சிலேயே பிழை. கைவேலை என்று எழுதி நல்ல விலையும் போட்டிருந்தார்கள். வாங்குவதானால் கரை சந்திக்கிற இடத்தைத் தடவிப் பார்த்து வாங்குங்கள், ஒழுங்காகச் செய்கிற கடைகளும் இருக்கின்றன.

மிக்கோனோஸ் விலை தாங்காது, ஆனால் அலைக்கரை பார்க்க ஆசை என்கிறவர்களுக்கு நான் வடகிரேக்கத்தில் இருக்கிற பெல்லாவைச் சொல்வேன். தெசலோனிக்கியில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர், அலெக்சாண்டர் பிறந்த, மாசிடோனியாவின் பழைய தலைநகர், 2009இல் திறந்த புது மியூசியம், வெயில் இல்லை, சனம் குறைவு. அங்கே வெட்டின கல் இல்லை, ஆற்றுக் கூழாங்கல் பதித்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசி. மான் வேட்டைத் தரை என்று ஒன்று, கிரேக்கக் கதையில் வருகிற ஹெலனைக் கடத்துகிற காட்சி இருக்கிற வீட்டில், தோண்டி எடுத்த இடத்திலேயே இருக்கிறது. க்னோசிஸ் செய்தான் என்று கையெழுத்து. நடுவில் வேட்டைக் காட்சி, அதைச் சுற்றி நெளிந்து நெளிந்து போகிற பூங்கொடி, அதற்கும் வெளியே அலைக்கரை. அந்த ஒழுங்கைக் கவனியுங்கள், கொடி அவ்வளவு ஆடம்பரமாகக் கிளைவிட்டுப் போகிற இடத்தில் வெளியே அலை இல்லாவிட்டால் படம் தரையில் கரைந்து போயிருக்கும். இருண்ட கல்லும் வெளிர் கல்லும் மட்டும் கடித்துக்கொண்டு ஓடுகிற அந்த ஒற்றைக் கரைதான் உள்ளே நடக்கிற அமளியைப் பிடித்து நிறுத்துகிறது. உருண்டைக் கல்லில் அலையின் சுருள் முனையைக் கூராகக் கொண்டுவருவது வெட்டின கல்லை விடக் கஷ்டம், ஆகவே வேலை என்று பார்த்தால் பெல்லா ஒரு படி மேல். அனுபவம் என்று பார்த்தால் டெலோஸ், தரை கிடக்கிற வீடும் தெருவும் தொட்டியும் அப்படியே இருப்பதால்.

மதிப்பெண் கேட்டால்: தீவுக்கு ஐந்துக்கு நாலரை, அந்த அரையைத் தூசிக்கும் பலகைக்கும் குறைத்தேன். படகுக்கு நாலு. குழுப் பயணத்துக்கு இரண்டு, அதுவும் வழிகாட்டிப் பெண்ணுக்காக. போகிறவர்கள் காலையில் முதல் படகு எடுங்கள், இறங்கியதும் எல்லாரும் சிங்கங்களை நோக்கி இடப்பக்கம் போவார்கள், நீங்கள் எதிர்ப்பக்கம் நாடக அரங்குத் தெருவில் ஏறி டால்ஃபின்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள், சிங்கங்களைத் திரும்பும்போது பார்க்கலாம். கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டால் பெரிய சிக்கல். முகமூடிகள் வீட்டில் சிறுத்தை மேல் உட்கார்ந்திருக்கிற மதுத் தெய்வம் டயோனிசஸையும் பாருங்கள், அது பக்கத்திலேயே.